ரொட்டியும் சம்பளச் சிட்டையும்

2022ஆம் ஆண்டு, காஸ் சிலிண்டர் கிடைக்காத அந்த மாதங்களில், பேராதனையில் ஒரு போடிங்கில் நாங்க நாலு பேர் இருந்தோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ரெண்டு பேர், மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி, ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நான். வீட்டுக்குப் பின்னால மூணு கல்லு வச்சு விறகு அடுப்பு மூட்டினோம். ஈர விறகு, ஒரே புகை. சோறு வடிச்சு, கறி வச்சு முடிக்க ரெண்டு மணித்தியாலம் போகும். அதனால நான் ரொட்டி சுடத் தொடங்கினேன். ஒரு தாச்சி, கொஞ்சம் மா, உப்பு, தண்ணி. கட்டச் சம்பல் இடிச்சா வேலை முடிஞ்சிது.

நாலாவது நாள் யாழ்ப்பாணத்துத் தோழி சொன்னா: "இது உங்கட ஆக்களின்ர பாரம்பரியச் சாப்பாடுதானே. நல்லாத்தான் இருக்கு."

அவ பாராட்டாத்தான் சொன்னா. எனக்கும் சந்தோஷம்தான். ஏனெண்டா ஓ.எல். படிக்கிற காலத்துல, டவுனுக்கு டியூஷன் போகும்போது, ரொட்டிய பேக்குக்குள்ளயே வச்சு ஒளிச்சுச் சாப்பிட்டவள் நான். பக்கத்துல இருந்தவங்க சோத்துப் பார்சலைப் பிரிப்பாங்க. என் ரொட்டியைப் பார்த்தா எந்த லயத்துல இருந்து வாறேனெண்டு தெரிஞ்சிடும் என்ற பயம். இப்ப அதே ரொட்டிக்கு "பாரம்பரியம்" என்று ஒரு மரியாதை கிடைச்சிருக்கு!

அன்றிரவு அம்மாயிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவ சிரிச்சா. "பாரம்பரியமாவது! நம்ம ஆளுக சோத்தத் தேடித்தான் கண்டிச்சீமைக்கு வந்தாங்க. ரொட்டிய யாரும் மூட்டை கட்டிக் கொண்டாரல."

அந்த ஒரு வசனம் என்னை விடல. ரொட்டியை யாரும் கொண்டுவரவில்லை என்றால் அது எப்படி எங்களுடையது ஆனது? கம்பஸ் நூலகத்தில் நான் பாடத்துக்கு வெளியே தேடிப் படித்த முதல் விசயம் இதுதான்.

அரிசிதான் கூலி

கம்பஸிலிருந்து மகாவலியைத் தாண்டினால் கன்னொறுவ. இன்றைக்கு அங்கே விவசாய ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தனக்கென்று கோப்பித் தோட்டம் போட்ட இடம் அது. நாங்கள் விரிவுரைக்குப் போற இந்தக் காணியும் பல்கலைக்கழகமாவதற்கு முன் நியூ பேராதனை எஸ்டேட் என்ற தோட்டம்தான். மலையகத்துப் பிள்ளைகள் கம்பஸுக்குள் வருவது புதுசு. ஆனா தொழிலாளர்கள் இந்த மண்ணுக்குப் புதுசில்ல.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவில் பஞ்சமும் கடனும் துரத்த, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்து வந்தவர்கள் எங்கள் முன்னோர். தேயிலைச் செடியைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிகள் கதை சொல்லிக் கூட்டி வந்ததாக இன்றைக்கும் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பொய்யைக் கவனியுங்கள். கங்காணி ஆசை காட்டியது பொன்னையும் பொருளையும் இல்ல, ஒரு கறிக்கான சாமானை. வயிறு காய்ந்த ஆட்களுக்கு என்ன சொன்னால் போதும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

தோட்டத்தில் கிடைத்தது அரிசி. மாட்டு வண்டிகள் கோப்பியை ஏற்றிக் கொழும்புக்கு இறங்கும். திரும்பி வரும்போது இறக்குமதி அரிசியை ஏற்றி வரும். 1867இல் கண்டி வரைக்கும் ரயில் வந்த பிறகு இரண்டையும் ரயில் சுமந்தது. அதே ஆண்டுதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார்.

அந்த அரிசி சும்மா வரல. தோட்டம் அரிசி போடும், பிறகு அதன் விலையைக் கூலியில் கழிக்கும். கூலி மாதக்கணக்கில் இழுபடும். அரிசி மட்டும் முற்பணமாக வரும். அரிசிக் கடன், பயணக் கடன், கங்காணியிடம் வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்து ஒரு தொகையாக நிற்கும். அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போவதென்றால் கடன் தொகை எழுதிய "துண்டு" வேணும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கூலியின் பெரும்பகுதி இப்படிப் புத்தகத்திலேயே வந்து புத்தகத்திலேயே போனது. காசாகக் கையில் வந்தது கொஞ்சம்தான்.

ஒரே மனிதர், இரண்டு வேலைகள்

எங்க கம்பஸில் அருணாசலம் விடுதி என்று ஒன்று இருக்கு. தினமும் அந்தப் பேரைச் சொல்கிறோம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேணும் என்று 1906இலிருந்து இயக்கம் நடத்தியவர் என்பது பலருக்குத் தெரியும். 1919இல் அவர் தொழிலாளர் நலனுக்காக ஒரு சங்கத்தை ஆரம்பித்ததும், தோட்டத் தொழிலாளரைக் கட்டிப் போட்ட சட்டங்களுக்கு எதிராகப் பேசியதும் அவ்வளவாகத் தெரியாது.

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அதே 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கல்வியும் கூலியும் அந்த மனிதரின் மேசையில் பக்கத்துப் பக்கத்துக் கோப்புகளாக இருந்திருக்கின்றன. எங்களுக்குத்தான் ஒன்று விடுதியின் பேராகவும் மற்றது மறந்த விசயமாகவும் ஆகிவிட்டது.

துண்டு போனாலும் கழித்தல் போகல. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவாக ஒன்று, சிறுவருக்கு இன்னும் குறைவாக ஒன்று என்று கூலி நிர்ணயித்தது. அதே சட்டத்தின் கீழ் தோட்டம் அரிசியைக் குறித்த விலைக்குக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக்கு இது ஒரு பாதுகாப்புத்தான். ஆனால் கூலியையும் அரிசியையும் அது இன்னும் இறுக்கிக் கட்டியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் குறைந்தபட்சக் கூலியைக் குறைத்தபோது, அரிசியின் விலையையும் சேர்த்துக் குறைத்தார்கள். சாப்பாட்டை நியாயமாகக் காட்டியே கூலியைக் கீழே இறக்கலாம் என்பது அப்போதே கண்டுபிடிக்கப்பட்ட கணக்கு.

போர் தொடங்கிச் சாமான் விலை ஏறியபோது தொழிலாளர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஹேவாஹெட்டவில் முல்லோயாத் தோட்டத்தில் நாளொன்றுக்கு 16 சதம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரியில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். டெய்லரின் முதல் தேயிலைத் தோட்டமும் அதே ஹேவாஹெட்டப் பக்கம்தான். டெய்லரின் பேர் பாடப் புத்தகத்தில் வந்தது. கோவிந்தனின் பேரை நான் கம்பஸ் வந்துதான் படித்தேன்.

1942

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. அதில் முக்கியமானது பர்மா அரிசி. அது நின்றதும் நாடு முழுக்கப் பங்கீடு வந்தது. கூப்பன் வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவும் வந்தது. பட்டினத்தில் அது பாண் ஆனது. லயத்தில் ரொட்டி ஆனது.

அந்த ஆண்டு ஜூலை 1ஆம் திகதிதான் ஐவர் ஜெனிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. கம்பஸும் பங்கீட்டு மாவும் ஒரே வருசத்துப் பிள்ளைகள்.

போர் முடிந்தது. மா போகல. பிறகு அமெரிக்க உதவியாகவும் கோதுமை மா வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை திறந்த பிறகு மா இங்கேயே அரைபட்டது. கோதுமை மட்டும் இன்றைக்கும் கப்பலில்தான் வருது. இந்த நாட்டில் கோதுமை விளையாது. எங்களுடைய "பாரம்பரியம்" கப்பலில் வந்து இறங்கியது.

ஆனா பாண் தின்ற எல்லாரும் பிறகு சோத்துக்குத் திரும்பினாங்க. நாங்க ஏன் ரொட்டியிலேயே நின்றோம்? இதுக்குப் பதில் அம்மாவின் காலையில் இருக்கு.

அம்மா நாலரைக்கு எழும்புவா. தண்ணி பிடிக்கணும், எங்களை எழுப்பணும், ஏழு மணிக்குள்ள பெரட்டுக்களத்தில நிக்கணும். பிந்தினா அன்றைக்குப் பேர் விழாது. அந்த நேரத்துக்குள்ள காலைக்கும் பகலுக்கும் சேர்த்துச் செய்யக்கூடியது ரொட்டிதான். சோறென்றால் கறி வேணும், பாத்திரம் வேணும், இருந்து சாப்பிட இடம் வேணும். ரொட்டியை மடிச்சுச் சுத்திக் கூடைக்குள்ள போட்டா மலையில நின்னபடியே சாப்பிடலாம். கைகழுவத் தண்ணி இல்லாட்டியும் சமாளிக்கலாம். ஆக, ரொட்டி எங்களுக்குப் பிடிச்சதாலயோ மலிவு என்பதாலயோ மட்டும் நிக்கல. பெரட்டு மணிக்கு ஏற்ற சாப்பாடு அது. கொழுந்து பறிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள்; வீட்டில் சமைக்கிறவங்களும் அவங்கதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்பது 1984இல்தான் வந்தது. அடுப்படி வேலைக்குச் சம்பளம் எந்தச் சட்டத்திலும் வரல.

இரண்டு பசிகள்

இந்தத் தேடலில் என்னை அதிகம் உலுக்கியது இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான்.

முதலாவது 1953. அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடந்தது. தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் இறந்தார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதற்குப் பிறகு வந்த எந்த அரசாங்கமும் அரிசியில் கை வைக்க முன் யோசித்தது.

இரண்டாவது 1974. உலகச் சந்தையில் எண்ணெய், கோதுமை, சீனி எல்லாம் விலையேறி, நாட்டில் பங்கீடு வெட்டப்பட்டது. எல்லோருக்கும் கஷ்டம்தான், பாண் வரிசை எல்லா ஊரிலும் இருந்தது. ஆனால் கிராமத்தில் ஒருவருக்கு மரவள்ளி நடக் கொஞ்சம் நிலம் இருந்தது. லயத்தில் இருப்பவருக்கு அது இல்ல. கூலியும் கடையும் மட்டும்தான். வேலை நாட்களும் குறைந்தன. தோட்டங்களில் இறப்பு வீதம் திடீரென ஏறியது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் பிச்சை எடுக்கப் போனவர்கள், வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிபெயர்ந்தவர்கள் பற்றியெல்லாம் எழுதப்பட்டிருக்கு. அம்மாயிக்கு அப்ப இருபத்திச் சொச்சம் வயசு. அந்த வருசங்களைப் பற்றிக் கேட்டா, "கீரை எல்லாம் தீர்ந்துபோச்சு" என்று மட்டும் சொல்லுவா. அதுக்கு மேல பேசமாட்டா.

1953இல் பிரதமர் போனார். 1974இல் யாரும் பதவி விலகல. 1977 தேர்தலில் அந்த அரசாங்கம் தோற்றது உண்மை. பாண் வரிசைகளும் அதுக்கு ஒரு காரணம். ஆனால் அது வாக்குள்ளவர்களின் கோபம். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, அடுத்த ஆண்டு வாக்கையும் இழந்திருந்த எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு 1974இலும் வாக்கு இருக்கல. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்டவர்கள் அவர்கள். எந்தக் கணக்கில் விழுவோம் என்று தெரியாமல் காத்திருந்தபோதுதான் பஞ்சம் வந்தது.

பசி ஒன்றுதான். ஒரு பசிக்கு அமைச்சரவை கப்பலேறியது. மற்றப் பசி கீரை தீர்ந்ததோடு முடிந்தது. நடுவில் இருந்த வித்தியாசம் வாக்கு என்று நான் நினைக்கிறேன்.

கம்பஸ் சாப்பாடு

இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு முழுதாகப் பொறுப்பேற்றது 1970களில். அந்த முப்பது வருசப் பிந்தலைத் தாண்டித்தான் எங்க குடும்பத்தில் முதல் ஆளா நான் கம்பஸுக்கு வந்தேன். வந்த முதல் மாதம் கன்டீனில் சோத்துக்கு வரிசையில் நின்றபோது ஆச்சரியமா இருந்திச்சு. வெளிக்கடையைவிடக் குறைஞ்ச விலை. அப்ப மாதம் 5,000 ரூபா மகாபொல. எங்க சாப்பாட்டுக்கு அரசு காசு *கூட்டித்* தருது. எங்க வீட்டுக்கு வருசக்கணக்கா வந்த சம்பளச் சிட்டையில் சாப்பாடு எப்பவும் *கழித்தல்* பக்கத்தில்தான் இருந்தது.

இதை நான் கம்பஸ் சலுகை என்று குறை சொல்ல எழுதல. மாணவர் சாப்பாட்டுக்கு அரசு உதவுவது சரி; அது 1953இல் தெருவில் இறங்கிய ஆட்கள் காத்துத் தந்த எண்ணத்தின் ஒரு மிச்சம். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமானபோது, மகாபொலக் காசு பாதி மாதத்துக்குக்கூடக் காணல. பகல் சாப்பாட்டை விட்டு, பிளேன்ரீயோடு விரிவுரைக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்தேன். நானும் அப்படி வந்தேன். அந்தச் சலுகை போதாது என்றுதான் சொல்வேன்.

ஆனா அந்தக் கன்டீனில் சோறு போடுற அக்காவைப் பற்றி நாங்க என்ன கேட்டோம்? சோத்துப் பார்சல் 10 ரூபா கூடினா எங்க குரூப்பில் இரவு முழுக்கச் சண்டை. அவ விடியச்சாமம் எத்தனை மணிக்கு எழும்பித் தேங்காய் திருவுறா, அவவுக்கு நாளைக்கு எவ்வளவு என்று ஒரு நாளும் நாங்க யாரும் கேட்கல. தொழிலாளர் மகளான நானே கேட்கல. ரொட்டியை ஒளிச்ச அதே பழக்கம்தான் இது என்று இப்ப விளங்குது. சாப்பாட்டைப் பார்ப்போம், அதைச் செய்தவரின் நாளைப் பார்க்கமாட்டோம்.

ஒரு நாள் அந்தக் கன்டீனில் பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு கணக்குப் பார்த்தோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை வரும். அம்மா ஒரு நாளைக்கு 20 கிலோ பறிச்சா கிட்டத்தட்ட 4,400 கிராம் தூள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் 2,200 கோப்பை. பல வருசப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அந்தக் கணக்குப்படி ஒரு கோப்பையில் கொழுந்து பறித்தவளுக்கு 45 சதம். எங்க கையில இருந்த பிளேன்ரீ 30 ரூபா. யாழ்ப்பாணத்துத் தோழி போன் கல்குலேட்டரைத் திரும்பத் திரும்ப அமத்திப் பார்த்தா. "பிழை விட்டிட்டமோ?" என்றா. பிழை விடல.

பிஸ்கட் டின்

போன லீவில் வீட்டுக்குப் போனபோது அலுமாரிக்கு மேல இருந்த பழைய பிஸ்கட் டின்னை இறக்கினேன். உள்ளே அம்மாவின் சம்பளச் சிட்டைகள், றப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டா. அடியில் அம்மாயியின் கிழிஞ்ச கூப்பன் புத்தகம் ஒன்று. சிட்டைகளை ஒன்றொன்றாப் பார்த்தேன். சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில், தீபாவளி முற்பணத் தவணை. பிறகு ஒரு வரி: தேயிலைத் தூள். தான் பறிச்ச தேயிலைக்கு அம்மாவின் சம்பளத்தில் கழிச்சிருந்தாங்க. அம்மாவுக்கு அதில அதிசயம் ஒன்றும் இல்ல. "எல்லாருக்கும் அப்படித்தானேம்மா வெட்டுவாங்க" என்றா.

அந்தச் சிட்டைகளை நான் போனில் படம் எடுத்து வச்சிருக்கேன். இதை வாசிக்கிற உங்களில் தோட்டத்துப் பிள்ளைகள் இருந்தா, உங்க வீட்டு டின்னையும் ஒருக்காத் திறந்து பாருங்க. வேறு ஊர்ப் பிள்ளைகள் வீட்டிலும் பழைய கூப்பன், பங்கீட்டுப் புத்தகம், கடைக்கொப்பி ஏதாவது இருக்கும். எறிய விடாதீங்க. நாங்க என்ன சாப்பிட்டோம், அதுக்கு யாரிடமிருந்து எவ்வளவு கழிச்சாங்க என்பது நூலகத்தைவிட அந்தத் தாள்களில்தான் அதிகமா இருக்கு.

திரும்பி வரும்போது அம்மா ரொட்டி சுட்டுச் சுத்தித் தந்தா. பஸ்ஸில் நாவலப்பிட்டி தாண்டினதும் மடியில வச்சு விரிச்சுச் சாப்பிட்டேன். பக்கத்து சீட்டில் ஒரு சின்னப் பிள்ளை பார்த்துக்கொண்டே வந்திச்சு. பாதி பிச்சு அதுக்கும் குடுத்தேன்.